சவரியம்மாள் சொல்லாத வரி

குடும்பப் புத்தகத்தை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். உபதேசியார் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆனால் நான்கைந்து பக்கமாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை என்ற நினைப்பு. ஆகவே ஏன் கொடுக்கக் கூடாது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மலாயாவில், கோப்பெங் ஊருக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்கு வேலை. இன்று அங்கே பாதி செம்பனை, பாதி வீடமைப்பு. நான் அங்கே போனபோது எனக்கு இருபத்து நான்கு வயது. பங்குச் சாமியார் ஈப்போ நகரத்தில் இருந்தார். மாதம் ஒருமுறை வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் அந்த அத்தாப்பு ஓலைக் கூரைக் கோயிலுக்கு எல்லாம் நான்தான். சாயங்காலச் செபம், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், சாவு வீட்டில் மந்திரம், புருஷன் பெண்டாட்டிச் சண்டையில் நடுவர் வேலை. உங்களுக்குத் தெரியாததில்லை.

குடும்பப் புத்தகமும் உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு ஒரு பக்கம். தகப்பன், தாய், பிள்ளைகள், அவரவர் வயது, ஞானஸ்நானம் பெற்ற நாள், கல்யாணம் ஆனவரா ஆகாதவரா. சாமியார் வரும் முன் யாரை எதற்குத் தயார் செய்ய வேண்டும் என்று பார்ப்பதற்காக வைத்திருப்பது. என் புத்தகத்தில் ஓர் அடித்தல் இருக்காது, ஒரு மைப்பொட்டு இருக்காது. அந்த வட்டாரத்தில் என்னைப்போல் சுத்தமாக எழுதுகிறவன் கிடையாது என்று எனக்கு நினைப்பு. சாமியாரும் ஒருமுறை அப்படிச் சொல்லித் தொலைத்துவிட்டார்.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ஆபீஸ் காகிதங்களை எல்லாம் கொளுத்திவிட்டுத் தெற்கே ஓடினார். தோட்டம் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியின் கைக்கு வந்தது. ரப்பர் பால்வெட்டு பாதி நின்றது, அரிசி குறைந்தது, மரவள்ளிக்கிழங்கு சாப்பாடாயிற்று. சாமியார் சைக்கிளில் சோதனைச் சாவடிகளைத் தாண்டி மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம்.

இரண்டாம் வருடம் ஒரு காலை, கிராணி கோயிலுக்கே வந்தார். அவர் நம்முடைய சபை அல்ல. அதற்கு முன் கோயில் வாசலை மிதித்தவரும் அல்ல.

“உபதேசியாரே, அரிசி கார்டுக்கு மேலிடத்துல பேர் லிஸ்ட் கேக்குறான். எங்கிட்ட ஆள் பேரு எழுதுன செக்ரோல் இல்ல, எல்லாத்தையும் தொர கொளுத்திட்டாரு. ஒங்க புஸ்தகத்த ஒருநா கொடுங்க. ஒங்க ஆளுங்களுக்கு மொத கார்டு, அது என் பொறுப்பு” என்றார்.

நான் தயங்கினேன். அவர் மேசையில் கிடந்த புத்தகத்தைத் தானே புரட்டிப் பார்த்தார். “அடேயப்பா, அச்சடிச்ச மாதிரி இருக்குலா!” என்றார். கொடுத்துவிட்டேன்.

பசித்திருந்த ஜனங்களுக்காகக் கொடுத்தேன் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனால் அந்த ‘அச்சடிச்ச மாதிரி’ இல்லாவிட்டால் சாமியாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். புகழ்ச்சிக்கு நம் தொழிலில் தனி ருசி உண்டு. ஜாக்கிரதையாக இருங்கள்.

புத்தகம் மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தது. கார்டுகளும் வந்தன. கிராணி வாக்குத் தவறவில்லை, நம் வீடுகளுக்குத்தான் முதலில். ஜனங்கள் என்னைத் தலையில் தூக்கி வைக்காத குறை. அன்று மாலை புத்தகத்தைத் திறந்தபோது சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சிறு புள்ளி வைத்திருப்பதைப் பார்த்தேன். எல்லாம் ஆண்கள். எல்லாம் வாலிபர்கள். ஏன் என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு என் பக்கங்களை இப்படிப் பாழாக்கிவிட்டானே என்று எரிச்சல் வந்தது. அழிரப்பரை எடுத்து ஒவ்வொரு புள்ளியாக, காகிதம் கசங்காமல் அழித்தேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் என் வாழ்நாளில் நான் செய்ததில்லை. புள்ளிகளைப் பார்த்த அன்றே அந்த வாலிபர்களிடம் சொல்லியிருந்தால் இரண்டு மூன்று பேராவது காட்டுப் பக்கம் ஒதுங்கியிருப்பார்கள்.

ஒரு மாதம் கழித்து, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, கிராணி ஒரு காகிதத்தைப் படித்தார். சயாமில் ரயில் பாதை போடுகிற வேலைக்குப் பன்னிரண்டு பேர். அதில் ஒன்பது பேர் நம்மவர்கள். இந்துக் குடும்பங்கள் எண்ணிக்கையில் நம்மைவிட மூன்று மடங்கு. ஆனால் அவர்கள் வயதைச் சொல்ல கிராணியிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஒன்பது பெயரும் என் புத்தகத்தில் இருந்த வரிசை மாறாமல் வந்தன. ஐந்தாவது பெயர் அருளப்பன்.

அருளப்பனின் தாய் சவரியம்மாள். பால்வெட்டுகிறவர், விதவை, எழுதப் படிக்கத் தெரியாதவர். அவருக்கு இருந்தது ஒரே பிள்ளை, இருபது வயது. லாரி புறப்பட்டபோது மற்றத் தாய்மார்கள் மண்ணில் விழுந்து புரண்டார்கள். சவரியம்மாள் லாரியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடினார். பிறகு கையை விட்டார். அன்று சாயங்காலம் செபத்துக்கு வந்து, எப்போதும் நிற்கிற தூணோரத்தில் நின்றார்.

பட்டியலைக் கிராணி கொடுத்தார் என்று எல்லாரும் கிராணியைச் சபித்தார்கள். நானும் தலையாட்டினேன். புத்தகத்தைப் பற்றி யாருக்கும் தோன்றவில்லை. சவரியம்மாள் வாரத்தில் இரண்டு நாள் தன் பங்கு கிழங்கில் ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுப்பார். “கத்தி மந்திரம் சொல்ற ஆளு, தொண்ட வத்திப் போவக் கூடாது” என்பார். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார். அந்தக் கிழங்கை நான் எப்படி விழுங்கினேன் என்று கேட்காதீர்கள். விழுங்கினேன், பசி.

நான்கு மாதம் இப்படி ஓடியது. சாமியார் வந்தபோது பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மன்னிப்பும் கொடுத்தார். பிறகு, “அவர்களிடம் எப்போது சொல்லப் போகிறாய்?” என்றார்.

நான் நன்றாக யோசித்து வைத்திருந்த பதிலைச் சொன்னேன். சாமியார் இல்லாத காலம். இந்த ஜனங்களுக்கு இருக்கிற ஒரே துணை கோயிலும் செபமும். நான் சொல்லிவிட்டால் ஒருவரும் கோயிலுக்கு வரமாட்டார்கள், விசுவாசமே போய்விடும். ஆகவே அவர்கள் நன்மைக்காக மௌனமாக இருக்கிறேன் என்றேன்.

சாமியார் சைக்கிளின் காற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார். “அவர்கள் உன்னை நம்பியா கோயிலுக்கு வருகிறார்கள்?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை, இருட்டுவதற்குள் ஈப்போ போய்ச் சேர வேண்டும்.

மறுநாள் மதியம் சவரியம்மாளின் லயத்து வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே சொன்னேன். புத்தகம், கிராணி, கார்டு, புள்ளி, அழித்தது, எல்லாம். அவர் கை சீவுவதை நிறுத்தியது. என்னைப் பார்க்கவில்லை, கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலு மாசமா என் கெழங்க தின்னீங்க” என்றார்.

“ஆமாக்கா.”

“மத்த எட்டு வீட்டுக்கும் சொல்லிட்டீங்களா?”

“இல்லக்கா. ஒங்ககிட்ட மொதல்ல...”

“போங்க. போய்ச் சொல்லிட்டு வாங்க. எங்கிட்ட மட்டும் சொன்னா, நா அத தனியா தூக்கிச் சொமக்கணுமா?”

எட்டு வீட்டுக்கும் போனேன். ஒரு வீட்டில் அடித்தார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். மற்ற வீடுகளில் அழுதார்கள், அது அடியைவிட மோசம். சாமியாரிடம் நான் சொன்ன ஆரூடம் பலித்தது. நாற்பது ஐம்பது பேர் வந்த கோயிலுக்கு ஏழு பேர் வந்தார்கள். சில நாள் நான்கு. சவரியம்மாளும் வரவில்லை.

பத்தாம் நாள் வந்தார். தூணோரத்தில் நின்றார். மந்திரங்களில் முதல் பாதியை உபதேசியார் சொல்ல, மறுபாதியை ஜனங்கள் சொல்வது வழக்கம். பரலோக மந்திரத்தில், எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்களையும் பொறுத்தருளும் என்று கேட்கும் வரி ஜனங்களின் பாதியில் வருகிறது. சவரியம்மாளுக்குக் கணீரென்ற குரல். ஐம்பது பேரிலும் தனியாகக் கேட்கும். அந்த வரி வந்ததும் அந்தக் குரல் நின்றது. ஒரே ஒரு வரிக்கு மட்டும் நின்று, அடுத்ததில் மறுபடி சேர்ந்துகொண்டது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. ஒரு செபமாலையில் பரலோக மந்திரம் எத்தனை முறை வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏழு பேர் நிற்கிற கோயிலில் ஒரு குரல் நின்றால் சுவருக்கும் தெரியும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜனங்கள் தங்கள் பாதியை முடிப்பதற்குள் அடுத்த மந்திரத்தை எடுத்துவிடத் தொடங்கினேன். அவசரமாகப் போனால் அந்தக் குரல் நின்றது தெரியாது அல்லவா? ஒரு வாரம் அப்படி ஓட்டினேன். செபம் முடிந்ததும் சவரியம்மாள் என்னிடம் வந்தார். ஏறக்குறைய மூன்று வாரமாக அவர் என்னோடு பேசியிருக்கவில்லை.

“ஏன் இப்படி ஓடுறீங்க உபதேசியாரே? வண்டி புடிக்கணுமா?”

நான் செபமாலையைச் சுருட்டிப் பையில் போட்டேன்.

“அந்த வரிய நா சொல்லல. எனக்கு வரல. வராதத வந்த மாதிரி ஆண்டவர்கிட்ட போயி எப்படிச் சொல்றது? அவருக்குத் தெரியாதா? நீங்க ஒண்ணும் மறைக்க வேணாம். மெதுவா சொல்லுங்க.”

“அக்கா, ஒங்களுக்குச் செரமமா இருந்தா, வீட்டுலயே செபம் பண்ணலாம்” என்றேன். நல்ல எண்ணத்தில் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன். உண்மையில் அவர் வராமல் இருந்தால் எனக்கு நிம்மதி.

“வீட்டுல இருந்தா எப்ப வரும் அது? இங்க வந்து நின்னாத்தான் வரும். ஒரு நா வரும். வர வரைக்கும் நிப்பேன்” என்றார்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். புனிதர்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், சுரூபத்துக்கு மாலை போடுகிறோம். நான் என் கண்ணால் பார்த்த பரிசுத்தம், ஒரு பால்வெட்டுக்காரப் பெண் அந்த ஒரு வரிக்கு வாயை மூடிக்கொண்டு நின்றது. மன்னித்துவிட்டேன் என்று முதல் வாரத்திலேயே ஓடி வந்து சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குத் திடம் கொடுத்தவர் சவரியம்மாள்தான். என்னை வெறுத்த ஒருவர் நான் சொல்லும் செபத்துக்கு நாள் தவறாமல் வந்தார். மழை, காய்ச்சல், பட்டினி எதுவும் அவரை நிறுத்தவில்லை. அவரே வரும்போது நான் வேலையை விட்டு ஓடுவது எப்படி? மூட்டையை இரண்டு முறை கட்டி, இரண்டு முறையும் அவிழ்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சிலர் திரும்பி வந்தார்கள். என்னைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்து.

ஜப்பான்காரன் சரணடைந்தான். வெள்ளைக்காரன் இன்னும் திரும்பி வரவில்லை. நடுவில் இருந்த அந்தச் சில வாரங்கள் காட்டிலிருந்து இறங்கி வந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் ராஜ்யம். தொப்பியில் நட்சத்திரம் வைத்திருப்பார்கள், கையில் துப்பாக்கி. ஜப்பான்காரனுக்கு உதவியவர்கள் யார் என்று தோட்டம் தோட்டமாகக் கேட்டு வந்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கங்காணியைக் கூட்டிப் போனார்கள். அவர் திரும்பவில்லை. எங்கள் கிராணி முதல் நாளே ஓடிவிட்டார். அவர் கிடைக்கவில்லை, நான் கிடைத்தேன். புத்தகத்தைப் பற்றி அவர்களிடம் யார் சொன்னார்கள் என்று இதுவரை நான் விசாரித்ததில்லை. சொல்ல உரிமையுள்ள வீடுகள் ஒன்பது இருந்தன.

பெரட்டுக் களத்தில் ஜனங்களைக் கூட்டி, என்னைக் கைகட்டி நடுவில் நிறுத்தினார்கள். காலை வெயில். தலைவர் ஒரு சீனர், மலாயில் பேசினார். கூட வந்திருந்த ஒரு தமிழர் மொழிபெயர்த்தார்.

“சயாமுக்கு ஆள் அனுப்ப பேர் லிஸ்ட் கொடுத்தது நீதானாம். பெத்துல்கா?” என்றார் தலைவர். உண்மையா என்று கேட்கிறார்.

அரிசிக் கார்டுக்காகக் கொடுத்தேன் என்று ஒரு நீண்ட பேச்சை மனதுக்குள் தயார் செய்திருந்தேன். பயத்தில் அதெல்லாம் மறந்துபோனது. “பெத்துல்” என்று மட்டும் சொன்னேன். செபம் சொல்லத் தோன்றவில்லை. உபதேசியாருக்கு அந்த நேரத்தில் ஒரு மந்திரமும் வாயில் வரவில்லை என்பதை எழுதி வைக்கிறேன், பின்னால் உங்களுக்கு அப்படி நேர்ந்தால் ஆறுதலாக இருக்கும்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் பேசலாம் என்றார் தலைவர். சவரியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“ஆமாங்க, இவருதான் கொடுத்தாரு. அரிசிக்குன்னு கொடுத்தாரு, அது சயாமுக்குப் போச்சு. எம் மவனும் போனான். உசுரோட இருக்கானா இல்லையான்னு தெரியாது. அதுக்கு மேல நாலு மாசம் எங்கிட்ட மறைச்சாரு” என்றார். மொழிபெயர்த்தவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். தலைவர் தலையாட்டினார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

“இருங்க, நா இன்னும் முடிக்கல” என்றார் சவரியம்மாள். “தீங்கு செஞ்சவங்கள மன்னிக்கணும்னு எங்க ஆண்டவரு சொல்லியிருக்காரு. ரெண்டு வருசமா இவருக்கு முன்னால போயி நிக்கிறேன். இன்னும் முடியல. தெனம் நிக்கிறேன். நீங்க பாட்டுக்கு இவர சுட்டுப் போட்டுட்டுப் போயிட்டீங்கன்னா, நா யார மன்னிக்கிறது?”

மொழிபெயர்த்தவர் விழித்தார். “அக்கா, இத எப்படி நா மலாய்ல சொல்றது?” என்றார்.

“நா சொன்ன மாதிரியே சொல்லுலா.”

அவர் தட்டுத் தடுமாறிச் சொன்னார். தலைவர் திருப்பிக் கேட்டார், அவர் மறுபடியும் சொன்னார். தலைவர் சவரியம்மாளை ரொம்ப நேரம் பார்த்தார். அவரும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு தலைவர் ஏதோ முணுமுணுத்தார், என் கட்டை அவிழ்த்தார்கள். முணுமுணுத்தது என்னவென்று மொழிபெயர்த்தவர் எனக்குச் சொல்லவில்லை. போகும்போது என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் கோயில் நிறைந்திருந்தது. சவரியம்மாள் களத்திலேயே என்னை மன்னித்துவிட்டார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன், ஜனங்களும்தான். பரலோக மந்திரத்தில் அந்த வரி வந்தது. அவர் குரல் நின்றது. என் உயிரைக் காப்பாற்றியது வேறு, அந்த வரி வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பியவன் நான்தான், அவர் அல்ல.

அடுத்த வருடம் சயாமிலிருந்து மூன்று பேர் திரும்பி வந்தார்கள், ஒன்பது பேரில் மூன்று. எலும்பும் தோலுமாக வந்த அவர்களில் ஒருவன், கோயிலில் அருளப்பனோடு சேர்ந்து பாடியவன், நேரே சவரியம்மாளிடம் போனான். நான் சற்றுத் தள்ளி நின்றேன்.

“பேதி, சின்னம்மா. ரெண்டே நாளு. நாந்தான் பொதச்சேன்.”

“சிலுவ வச்சியா?”

“மூங்கில ரெண்டா ஒடிச்சு, கொடியால கட்டி வச்சேன்.”

“சரிப்பா. சாப்புட்டியா?” என்று கேட்டு, அவனை உள்ளே அழைத்துப்போய்க் கஞ்சி ஊற்றினார். நான் கோயிலுக்குத் திரும்பி வந்து அழுதேன். அன்றைய செபத்துக்கும் அவர் வந்தார். அந்த வரிக்கு வாய் மூடியிருந்தது. இனி அது திறக்காது என்று நினைத்தேன். திறக்க வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை? சாமியாரிடம் சொன்னபோது, “நீ மெதுவாகச் செபம் சொல், அது போதும்” என்றார். மெதுவாகச் சொன்னேன். மாதங்கள் போயின.

பிறகு ஒரு நாள். திருநாள் அல்ல, ஞாயிறுகூட அல்ல. சரியான மழை, கூரை இரண்டு இடத்தில் ஒழுகியது. ஆறு பேர்தான் வந்திருந்தார்கள். செபமாலை பாதி ஆகியிருக்கும். பரலோக மந்திரத்தில் என் பாதியை முடித்தேன், ஜனங்கள் தங்கள் பாதியை எடுத்தார்கள். அந்த வரி வந்தது. அந்தக் குரல் நிற்கவில்லை. உரக்கவும் இல்லை, அழுகையும் இல்லை. மற்ற வரிகளை எப்படிச் சொல்வாரோ அப்படியே சொல்லிக்கொண்டு போனார்.

அடுத்து அருள் நிறைந்த மந்திரம். முதல் பாதியை நான் எடுத்துக்கொடுக்க வேண்டும். எனக்குக் குரல் வரவில்லை. வாயைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். ஆறு பேரும் காத்திருந்தார்கள். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சவரியம்மாள் தூணோரத்தில் நின்றபடியே என்னுடைய பாதியை எடுத்தார். பாவிகளுக்காக வேண்டிக்கொள்ளும் மறுபாதி ஜனங்களுடையது. அவருடைய ஆறாவது குரலுக்குப் பதிலாக, மற்ற ஐந்து பேரோடு சேர்ந்து, நான் அதைச் சொன்னேன்.